ஒரு களஞ்சியமா, இரு களஞ்சியமா?

முற்காலத்திலே ஒரு நூல் அழியாது நிலைபெற வேண்டுமாயின் அதற்கு வழி ஒன்றே இருந்தது. ஏட்டிலிருந்து ஏட்டுக்கு அதனைப் பெயர்த்தெழுதி வைத்தல் வேண்டும். பனையோலை செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. எத்துணைக் கவனமாகப் பேணினும் என்றென்றும் நில்லாதது. ஆதலின், ஒரு வீட்டில் இருந்த ஏட்டுக்குப் பிறிதொரு வீட்டிலோ மடத்திலோ படி ஒன்று இருந்தாலன்றி அந்நூல் பிழைப்பது அரிதாயிற்று. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887ஆம் ஆண்டில் அச்சேற்றுதற்கும், உ. வே. சாமிநாதையர் அவர்கள் தம் பதிப்புக்களை நிறைவு செய்தற்கும் ஊரூராய் ஏடு தேட வேண்டியிருந்தமைக்குக் காரணம் இதுவே. படி பல இருந்த நூல் வாழ்ந்தது. ஒரே படியாய் இருந்தது ஒரு மழையிலோ ஒரு தீயிலோ மறைந்தது.

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றிற்கு வேறிடங்களிற் படிகள் இருந்தன. வேறு படியில்லாத சுவடிகளும் கையெழுத்துக்களும் போனவை போனவையே. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி எழுந்தபோது, கிழக்குக் கரையிலும் வடக்குக் கரையிலும் தெற்குக் கரையிலும் உயிர்தப்பிய குடும்பங்கள் பல, பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் கலியாணப் படமும் இல்லாதனவாய் நின்றன. உறுதிக்குப் பதிவகத்திற் பிரதி பெறலாம். இறந்துபோன பிள்ளையின் படத்துக்கு எந்தப் பதிவகத்திற் பிரதி பெறுவது?

ஒரே படியாய் இருப்பதன் ஆபத்து இக்காலத்துக்கும் உரியதே. ஆனால் அது வேறு உருவத்தில் வந்திருக்கிறது. இன்று ஒரு குடும்பத்தின் படங்களும் பத்திரங்களும் கடிதங்களும் குரற் பதிவுகளும் கைத்தொலைபேசியிலும் கணினியிலும் இருக்கின்றன. அவற்றைத் தம்மிடம் ஒப்படைத்தாற் பாதுகாத்துத் தருவதாகப் பெருங் கம்பனிகள் சொல்கின்றன. அப்பாதுகாப்புக்கு மாதந்தோறும் சந்தா உண்டு. தொலைபேசி செய்த கம்பனிக்கு ஒரு சந்தா, மின்னஞ்சல் தரும் கம்பனிக்கு ஒரு சந்தா, கணினியில் எழுதும் கருவி தரும் கம்பனிக்கு ஒரு சந்தா என ஒரே வீட்டிலிருந்து மூன்று சந்தாக்கள் போவதும் உண்டு. இத்தனையும் வேண்டுமா? ஒன்று போதுமா? ஒன்றுக்கு மேல் வேண்டுவோர் யார்? இவற்றைத் தெளிதல் பணத்துக்கும் நல்லது, மன அமைதிக்கும் நல்லது.

முதலில் இக்களஞ்சியம் யாது என்பதை அறிதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘கிளவுட்’ எனவும் தமிழில் ‘முகில்’ எனவும் இதனைக் கூறுவர். பெயரைக் கேட்டு இது வானத்தில் இருப்பதாக எண்ணுவாரும் உளர். உண்மையில் இது பூமியில், பெருங் கட்டடங்களுள், வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளில் இருப்பது. அக்கட்டடங்களைத் தரவு நிலையங்கள் என்பர். அங்கே மின்சாரம் இடையறாது ஓடுகிறது. வெப்பத்தைத் தணிக்கும் பொறிகள் இயங்குகின்றன. ஒருவர் தம் தொலைபேசியில் எடுத்த படம் இணையவழியாக அங்கே சென்று பதியப்படுகிறது. ஆகவே முகிற் களஞ்சியம் என்பது, சுருங்கச் சொன்னால், பிறருடைய கணினியில் வாடகைக்குப் பெற்ற ஓர் அறையாகும். வீட்டில் தீப்பற்றினும் தொலைபேசி திருட்டுப்போனாலும் அவ்வறையில் உள்ளது அழியாது என்பதே அதன் பெரும்பயன்.

இலவசமாகக் கிடைக்கும் இடமும் உண்டு. கூகிள் 15 கிகாபைட்டு இடம் தருகிறது. மின்னஞ்சல், கோப்பு, படம் ஆகிய மூன்றுக்கும் அவ்விடம் பொதுவானது. 2021ஆம் ஆண்டு யூன் மாதத்துக்கு முன்னர்ச் சற்றே சுருக்கிய தரத்திற் சேமித்த படங்கள் அக்கணக்கிற் சேரவில்லை. அந்நாள் முதல் ஏற்றப்படுவன எல்லாம் சேருகின்றன. அப்பிள் கம்பனியின் ஐகிளவுட்டும் மைக்ரோசொப்ட் கம்பனியின் ஒன்டிரைவும் 5 கிகாபைட்டு வீதம் தருகின்றன. டிரொப்பொக்ஸ் 2 கிகாபைட்டு தருகிறது. இவை நிறைந்தபின், ‘இடம் போதாது’ என்ற அறிவிப்புத் தொலைபேசியில் அடிக்கடி தோன்றும். அதனைக் கண்டு அஞ்சி, அந்தக் கணத்திலேயே பொத்தானை அழுத்திச் சந்தாக்காரர் ஆனோர் பலர். பின்னர் வேறொரு கம்பனியின் இடமும் நிறையும். அதற்கும் ஒரு சந்தா. இவ்வாறே ஒன்று இரண்டாகவும் இரண்டு மூன்றாகவும் பெருகுகின்றது. தீர்மானித்து வாங்கியவை சில. அறிவிப்புக்கு அஞ்சி வாங்கியவை பல.

இங்கே ஒரு பாகுபாடு இன்றியமையாதது. களஞ்சியம் இரண்டு தேவைகளுக்காக வாங்கப்படுகிறது. ஒன்று இடம், மற்றொன்று காவல். இடம் போதவில்லை என்பது ஒரு குறை. இடம் எவ்வளவு இருந்தாலும் உள்ளது ஓரிடத்திலேயே இருக்கிறது என்பது வேறொரு குறை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதனாலேயே மக்கள் வேண்டாத சந்தாவைக் கட்டுகின்றனர். வேண்டிய காவலைச் செய்யாதும் விடுகின்றனர்.

முதலில் இடத்தை நோக்குக. ஒரு வீட்டுக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிடுதல் கடினமன்று. இக்காலத் தொலைபேசி எடுக்கும் படம் ஒன்று ஏறத்தாழ 3 மெகாபைட்டு என்று கொள்ளலாம். அவ்வாறாயின் 5,000 படங்கள் 15 கிகாபைட்டை நிரப்பும். எழுத்துப் பத்திரங்கள் மிகச் சிறியவை. ஆயிரம் பத்திரங்கள் சேர்ந்தாலும் பெரிதாக இடங்கொள்ளா. இடத்தை விழுங்குவது அசையும் படமே. சாதாரணத் தெளிவில் எடுத்த ஒரு நிமிடக் காட்சி 60 முதல் 130 மெகாபைட்டு வரை கொள்ளும். ‘நாலு கே’ எனப்படும் மிகைத் தெளிவில் எடுத்தால் 170 முதல் 350 மெகாபைட்டு வரை செல்லும். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியை அரைமணி நேரம் மிகைத் தெளிவிற் பிடித்த தந்தை, அந்த அரைமணியிலேயே 5 கிகாபைட்டுக்கு மேல் நிரப்பிவிடுகிறார்.

ஆதலின் இடம் போதாதபோது செய்ய வேண்டிய முதல் வேலை களை பிடுங்குதலேயாம். ஒரே காட்சியின் பத்துப் படங்களில் ஒன்பது வேண்டியதில்லை. குழுக்களில் வந்து குவியும் காலை வணக்கப் படங்கள், ஒருமுறை பார்த்த வேடிக்கைக் காட்சிகள், பழைய விளம்பரக் கடிதங்கள் ஆகியவற்றை நீக்கினாற் பல வீடுகளில் மேலதிகச் சந்தாவின் தேவையே நீங்கும். நீக்கிய பின்னும் இடம் போதாதெனின், முன்பே சந்தா கட்டும் கம்பனியிலேயே அடுத்த படிக்கு ஏறுதல் முறையாகும். இரு கம்பனிகளிடம் தனித்தனியே சிறு அறைகள் பெறுவதிலும், ஒரு கம்பனியிடம் பெரிய அறை பெறுவதே பெரும்பாலும் மலிவானது, தேடுவதற்கும் எளிது. பாதிப் படம் இங்கும் பாதிப் படம் அங்கும் சிதறிக் கிடந்தால், எது எங்கே இருக்கிறது என்பதே சில ஆண்டுகளில் மறந்துபோகும். இடத்துக்காக மட்டும் இரண்டாவது கம்பனியை நாடுதல் பெரும்பாலும் வீண் என்பதே இதனாற் பெறப்படும் முடிவு.

இனி, காவலை நோக்குக. பெருங் கம்பனிகள் தம்மிடம் உள்ள தரவை ஒரே பெட்டியில் வைப்பதில்லை. பல இடங்களிற் பிரதி செய்து வைக்கின்றன. ஆகவே ஒரு வன்தட்டுப் பழுதாயினும் ஒன்றும் கெடாது. அங்ஙனமாயின் இரண்டாவது களஞ்சியம் எதற்கு எனச் சிலர் வினவுவர். வினா நியாயமானது. அதற்கு விடை, சென்ற சில ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றிற் கிடைக்கின்றது.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில், அவுஸ்திரேலியாவின் ஓய்வூதிய நிதியங்களுள் ஒன்றாகிய யூனிசூப்பரின் கணக்கு, கூகிள் நிறுவனத்தின் வணிக முகிற் சேவையில் ஓர் அமைப்புப் பிழையினால் அழிக்கப்பட்டது. அந்நிதியத்திற்கு ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்கள் இருந்தனர். அது தன் தரவை இரண்டு வெவ்வேறு பிரதேசங்களிற் பிரதி செய்தே வைத்திருந்தது. ஆயினும் கணக்கு அழிந்தபோது இரு பிரதேசங்களிலும் ஒருங்கே அழிந்தது. ஏனெனில் பிரதிகள் இரண்டாயினும் அவற்றை ஆண்ட கணக்கு ஒன்றே. அந்நிதியம் வேறொரு கம்பனியிடமும் காப்பு நகல் வைத்திருந்தமையே இழப்பைக் குறைத்து மீட்சிக்கு உதவியது. இஃது ஒரு வீட்டின் படப்பெட்டி அன்று, பெரிய நிதியமே எனினும், பாடம் இருவருக்கும் பொதுவானது. ஒரு கம்பனிக்குள் உள்ள பல பிரதிகள் வன்தட்டுப் பழுதிலிருந்து காக்கும். கணக்குக்கு நேரும் கேட்டிலிருந்து காவா.

2021ஆம் ஆண்டு பங்குனி 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு நிலையக் கட்டடம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறு நகரிற் காப்பு நகல் வைத்திருந்த வாடிக்கையாளர் மீண்டனர். அவ்வாறு வையாதோருட் பலர் தம் தரவை அடியோடு இழந்தனர். 2025ஆம் ஆண்டு புரட்டாதி 26ஆம் நாள் தென்கொரியாவின் தேயோன் நகரில் அரசின் தரவு நிலையத்தில் மின்கலத்திலிருந்து தீ எழுந்தது. அரச ஊழியர் கோப்புக்களைச் சேமித்த ‘ஜி-டிரைவ்’ என்னும் களஞ்சியத்தில் 858 டெராபைட்டு தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதனால் அதற்கு வெளியிடத்திற் காப்பு நகல் செய்யப்பட்டிருக்கவில்லை.

இலங்கையிலும் இத்தகைய அனுபவம் உண்டு. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் அரசின் முகிற் சேவை, கப்பம் கோரும் தீநிரலினால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சல் முகவரிகள் ஏறத்தாழ 5,000 பாதிப்புற்றன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. தாக்குதல் இருந்த நகலையும் பற்றியது. அக்காலப் பகுதிக்குத் தனித்து விலக்கி வைத்த வேறு நகல் இருக்கவில்லை.

தீயும் தீநிரலும் அரிதே. இவற்றினும் வீட்டாருக்கு அணித்தாயது கணக்குப் பூட்டப்படுதல். கடவுச்சொல் மறந்துபோதல், தொலைபேசி எண் மாறிப்போதல், வஞ்சகர் கணக்கைக் கைப்பற்றுதல், கம்பனியே கணக்கை முடக்குதல் ஆகியவை எல்லாம் இவ்வகையின. 2022ஆம் ஆண்டில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அமெரிக்கத் தந்தை ஒருவரின் கதையை வெளியிட்டது. நோயுற்ற தம் குழந்தையின் உடலை வைத்தியருக்குக் காட்டுவதற்காக அவர் படம் எடுத்தார். அப்படத்தைக் கூகிளின் தன்னியக்கச் சோதனை குற்றமெனக் கருதிற்று. கணக்கு மூடப்பட்டது. பொலிசார் விசாரித்துக் குற்றம் யாதுமில்லை எனக் கண்டனர். ஆயினும் கணக்கு அவருக்குத் திறக்கப்படவில்லை. பல்லாண்டுக் கடிதங்களும் குழந்தையின் படங்களும் கைவிட்டுப் போயின. களஞ்சியத்தில் நெல் குறையவில்லை. திறப்பு மட்டும் கையில் இல்லை. இழந்தவருக்கு இரண்டும் ஒன்றே.

நான்காவதாக, பெரும்பாலோர் அறியாத ஒரு நுட்பம் உண்டு. இக்களஞ்சியங்களிற் பல, காப்பு நகல் செய்வன அல்ல, ஒத்திசைவு செய்வன. தொலைபேசியில் உள்ளதும் களஞ்சியத்தில் உள்ளதும் எப்பொழுதும் ஒன்றுபோல் இருக்குமாறு பார்ப்பதே ஒத்திசைவு. இங்கே ஒன்றைச் சேர்த்தால் அங்கே சேரும். இங்கே ஒன்றை அழித்தால் அங்கேயும் அழியும். விளையாட்டாகக் குழந்தை அழித்த படம் களஞ்சியத்திலும் இராது. குப்பைக்கூடையிலிருந்து அதனை மீட்கக் காலவரம்பு உண்டு. கூகிள் டிரைவில் 30 நாள்; ஐகிளவுட்டிலும் பொதுவாக 30 நாள்; கூகிள் படக் களஞ்சியத்திற் காப்பிட்ட படத்துக்கு 60 நாள். அந்த நாட்களுக்குள் அழிவை உணராதவர் பின்னர் உணர்ந்து பயனில்லை.

ஆகவே இரண்டாவது இடம் வேண்டும் என்பது தெளிவு. ஆனால், இரண்டாவது இடம் என்றால் இரண்டாவது சந்தா என்று பொருளன்று. இவ்விடத்திலேதான் பலர் வழிதவறுகின்றனர்.

ஒளிப்படக் கலைஞராகிய பீட்டர் குரோக் என்னும் அமெரிக்கர் பரப்பிய விதி ஒன்று உண்டு. அதனை ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்பர். பெறுமதியுள்ள எதற்கும் மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றாயினும் வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். ஒரு சந்தாவும், ஒரு வெளி வன்தட்டும் இவ்விதியை நிறைவு செய்யும். கணினியில் உள்ளது முதற் படி. முகிற் களஞ்சியத்தில் உள்ளது இரண்டாம் படி. அது வேற்றிடத்ததும் ஆகும். வன்தட்டில் உள்ளது மூன்றாம் படி. வன்தட்டுக்கு ஒரேமுறை விலை கொடுத்தாற் போதும். மாதச் சந்தா இல்லை. திங்களுக்கு ஒருமுறை அதனைக் கணினியோடு இணைத்துப் பிரதி செய்து, பின் கழற்றி வைத்தல் வேண்டும். கழற்றி வைத்தல் என்பது முக்கியம். இணைத்தபடியே இருப்பதைத் தீநிரலும் தொடும், இடியும் தொடும். வன்தட்டும் சாவது உண்டு; ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுதல் விவேகம். பெரும்பாலான குடும்பங்களுக்கு இவ்வளவே போதும்.

அப்படியாயின் இரண்டு சந்தாக்கள் வேண்டுவோர் யார்? நால்வகையினரைக் கூறலாம்.

தம் கோப்புக்களாற் பிழைப்போர் முதல் வகையினர். கலியாணப் படம் எடுப்போர், கட்டட வரைபடம் வரைவோர், பதிப்பகத்தார், கணக்காளர் ஆகியோர் இதில் அடங்குவர். ஒருவருடைய கலியாணத்தை மறுமுறை நடத்திப் படமெடுக்க இயலாது. அத்தகையோர்க்குச் சந்தா என்பது தொழிற் செலவே. இரண்டாம் வகையினர், வேறெங்கும் படியில்லாத பொருளை வைத்திருப்போர். ஊர் வரலாற்றுக்காக முதியோரின் குரலைப் பதிந்தோர், பழஞ் சுவடிகளைப் படம்பிடித்தோர், ஆராய்ச்சி செய்வோர் இவ்வகையினர். மூன்றாம் வகையினர், வன்தட்டு வைத்துக் காக்க இயலாத நிலையில் உள்ளோர். அடிக்கடி வீடு மாறுவோரும், வெள்ளம் புகும் இடத்திற் குடியிருப்போரும், கணினியே இல்லாது தொலைபேசி ஒன்றையே உடையோரும் இதிற் சேர்வர். நான்காம் வகையினர் வேறு காரணத்துக்காக முன்னமே இரண்டு சந்தா கட்டுவோர். எழுதும் கருவிக்காக மைக்ரோசொப்ட் 365 தனியாள் சந்தா கட்டுவோர்க்கு 1 டெராபைட்டு இடமும் உடன் கிடைக்கின்றது. அதனைப் பயன்படுத்தாது விட்டு, வேறொரு கம்பனிக்கு இடத்துக்காகப் பணம் கட்டுவோர் பலர். இவர்கள் புதிதாக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. உள்ளதை எடுத்துப் பயன்படுத்தினாற் போதும்.

உதாரணமாக, வவுனியாவில் ஓர் ஆசிரியர் குடும்பத்தை எண்ணுக. தாயும் தந்தையும் அன்ட்ரொயிட் தொலைபேசி வைத்திருக்கின்றனர். மகள் ஐபோன் வைத்திருக்கிறாள். படங்கள் 20,000, ஒன்றுக்கு 3 மெகாபைட்டு வீதம் 60 கிகாபைட்டு. அசையும் காட்சி 300 நிமிடம். நிமிடத்துக்கு 130 மெகாபைட்டு வீதம் 39 கிகாபைட்டு. பத்திரங்கள் 2 கிகாபைட்டு. ஆகமொத்தம் 101 கிகாபைட்டு. தந்தை கூகிளில் 100 கிகாபைட்டுச் சந்தா கட்டுகிறார். மகளின் தொலைபேசிக்கு ஐகிளவுட்டில் 50 கிகாபைட்டுச் சந்தா. வீட்டுக் கணினியில் மைக்ரோசொப்ட் 365 சந்தா. இடம் நிறைந்துவிட்டது என்று கூகிள் அறிவிக்கின்றது. நான்காவது சந்தா வேண்டுமோ என வீட்டில் ஆலோசனை நடக்கின்றது.

ஆராய்ந்தால் நான்காவது வேண்டாம், மூன்றாவதும் வேண்டாம். வேண்டாத காட்சிகளை நீக்கினால் 100 கிகாபைட்டு போதும். கூகிளின் களஞ்சியத்தைக் குடும்பத் தொகுதியாக ஐவரோடு மேலும் பகிரலாம். ஆகவே மகளின் படங்களும் அங்கே செல்லலாம். ஐபோனின் முழுக் காப்பு நகலை ஐகிளவுட்டில் மட்டுமன்றிக் கணினியிலும் கம்பி வழியாகச் செய்துகொள்ளலாம். ஆதலின் ஐகிளவுட் சந்தாவை விடலாம். மைக்ரோசொப்ட் தரும் 1 டெராபைட்டு இடமோ வெறுமையாகக் கிடக்கிறது. அதில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வைத்தால் இரண்டாம் களஞ்சியம் தானே அமைந்துவிடும். மூன்று சந்தா கட்டியும் இல்லாத காவல், இரண்டு சந்தாவில் வந்துவிடுகிறது. எழுதும் கருவி தேவையில்லாத வீடாயின், ஒரு சந்தாவும் ஒரு வன்தட்டும் என முடிவு செய்யலாம்.

செலவை எண்ணும்போது மாதத் தொகையை மட்டும் எண்ணலாகாது. இச்சந்தாக்களிற் பல வெளிநாட்டு நாணயத்தில் அறவிடப்படுவன. 2022ஆம் ஆண்டு பங்குனித் தொடக்கத்தில் ஓர் அமெரிக்க டொலர் 200 ரூபாவை அடுத்து இருந்தது. வைகாசியில் 350 ரூபாவைக் கடந்தது. மாதம் 2 டொலர் கட்டியவருக்கு 400 ரூபாவாக இருந்த செலவு, இரண்டு மூன்று மாதத்தில் 700 ரூபாவுக்கு மேலாயிற்று. ஒரு சந்தாவை அத்தகைய காலத்திலும் தாங்கலாம். மூன்றைத் தாங்குவது கடினம். தாங்க முடியாது விட்டால் நிகழ்வது யாது? கூகிளில் இடம் மீறிய கணக்குக்குப் புதிய கடிதம் வாராது, புதிய படம் ஏறாது. இரண்டு ஆண்டுகள் மீறியே இருந்தால் உள்ளவை அழிக்கப்படலாம். ஒன்டிரைவில் ஆறு மாதம் மீறினால் அழிக்கப்படலாம். ஆதலின், நெருக்கடியிலும் கட்டக்கூடிய சந்தா எது என்பதை முன்னரே எண்ணி, அத்துடன் நிற்றல் நன்று.

இரண்டு வைத்திருக்கத் தீர்மானித்தோர் சில விதிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். இரு கணக்குகளுக்கும் கடவுச்சொல் வேறாக இருத்தல் வேண்டும். ஒன்றை மீட்கும் மின்னஞ்சல் மற்றொன்றிலேயே தங்கியிருத்தல் ஆகாது. ஒன்று பூட்டப்பட்டால் மற்றதும் பூட்டப்பட்டதாகும். ஒரே கணினிக் கோப்புறையை இரு களஞ்சியத்தோடும் ஒத்திசைத்தலும் ஆகாது; அங்கே நேரும் அழிவு இரண்டிலும் பாயும். இரண்டாவதில் வைப்பது காலந்தோறும் எடுத்துவைக்கும் பிரதியாக இருத்தல் வேண்டும். அலுவலகமோ பல்கலைக்கழகமோ தந்த கணக்கைச் சொந்தக் களஞ்சியமாக எண்ணுதல் தவறு. பதவி நீங்கும் நாளில் அதுவும் நீங்கும். ஆண்டுக்கு ஒருமுறையாயினும் சில கோப்புக்களைக் களஞ்சியத்திலிருந்து மீட்டுத் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத நகல், இருக்கிறது என்று நம்பப்படும் நகலே அன்றி இருக்கும் நகல் அன்று.

சந்தாவை விடுவோர்க்கும் ஒரு முறை உண்டு. முதலில் உள்ளவற்றை எல்லாம் இறக்கிக்கொள்ளுதல் வேண்டும். கூகிளில் இதற்கென ‘டேக்கவுட்’ என்னும் வசதி 2011 முதல் உள்ளது. இறக்கியவை திறக்கின்றனவா எனப் பார்த்த பின்னரே சந்தாவை நிறுத்துதல் வேண்டும். கம்பனிகளும் நிலையானவை அல்ல. அமேசன் தன் ‘டிரைவ்’ சேவையை 2023ஆம் ஆண்டு இறுதியில் மூடிற்று. முன்னறிவிப்பைக் கவனித்தோர் தம் கோப்புக்களை வேளைக்கு எடுத்துக்கொண்டனர்.

இறுதியாக, சந்தாக் கட்டுபவர் ஒருவராகவும் பொருள் குடும்பம் முழுவதற்கும் உரியதாகவும் இருப்பதை மறத்தலாகாது. பிறநாட்டிலுள்ள மகனின் வங்கி அட்டையிற் செல்லும் சந்தா, அட்டை காலாவதியானால் நின்றுவிடும். கணக்குக்குரியவர் காலமானாற் கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். இரண்டு ஆண்டுகள் ஒருவரும் திறவாத கணக்கைக் கூகிள் நீக்கக்கூடும். இதற்காகவே தமக்குப் பின் இன்னாருக்கு உரியது எனக் குறித்துவைக்கும் வசதியைக் கூகிளும் அப்பிளும் தருகின்றன. காணிக்கு மரணசாசனம் எழுதுவோர் இதனையும் ஒருநாள் இருந்து செய்துவைத்தல் கடமை.

ஆகவே, சந்தாவை எண்ணுவதற்கு முன் நான்கு வினாக்களை வினவுக. இழந்தால் மீளப் பெற முடியாதது எது? அது இப்பொழுது எத்தனை இடத்தில் இருக்கிறது? அவ்விடங்கள் ஒரே தீயிலோ ஒரே கடவுச்சொல்லிலோ ஒருங்கே போகக்கூடியனவா? இரண்டாம் இடத்தை வன்தட்டு ஒன்றினால் அமைத்துக்கொள்ள இயலுமா? இயலுமாயின் ஒரு சந்தா போதும். இயலாதாயின், அல்லது பொருள் பிழைப்புக்கு உரியதாயின், இரண்டாவது வேண்டியதே. மூன்றாவது வேண்டிய வீடு மிக அரிது. ஏட்டைப் பெயர்த்தெழுதிய முன்னோர் ஒரு படியை வீட்டில் வைத்து, ஒன்றைப் பிறிதோரிடத்துக் கொடுத்தனர். அவர்கள் எண்ணிப் பார்த்தது படி எத்தனை என்பதை அன்று. ஒன்று போனால் மற்றது நிற்குமா என்பதையே.